ஒரு கணினி, இரண்டு பேர், ஒரு ஸ்கிரீன் ரீடர்: எந்த ஏற்பாடு சரிப்படும்?

பார்வையுள்ள ஒருவரும் பார்வையற்ற ஒருவரும் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும்போது முதலில் தோன்றும் யோசனை ஒன்றுதான்: தேவைப்படும்போது ஸ்கிரீன் ரீடரை (திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளை) ஆன் செய்துகொள்ளலாம், வேலை முடிந்ததும் ஆஃப் செய்துவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பல இடங்களில் அப்படியே ஓடவும் செய்கிறது. ஆனால் வேறு சில ஏற்பாடுகளும் இருக்கின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்பது, நீங்கள் இருவரும் அந்தக் கணினி முன் மாறி மாறி உட்காருகிறீர்களா, சேர்ந்து உட்காருகிறீர்களா என்பதைப் பொறுத்தது.

ஒப்பிடுவதற்கு முன் ஓர் அளவுகோல் வேண்டும். வசதி, வேகம், செலவு என்று பலர் ஆரம்பிப்பார்கள். நான் வேறு இடத்திலிருந்து ஆரம்பிப்பேன். ஸ்கிரீன் ரீடர் தேவையில்லாத நேரத்தில் பேசிக்கொண்டே இருந்தால் பார்வையுள்ளவருக்கு எரிச்சல் வரும். ஆனாலும் திரையைப் பார்த்து, எங்கேயாவது தட்டி, அதை நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்துவிடுவார். பேச்சு நின்றுபோனால் பார்வையற்றவரின் நிலைமை அப்படியில்லை. கணினி ஓடுகிறதா, உறங்குகிறதா, பிளக் கழன்றிருக்கிறதா என்பதுகூட அவருக்குத் தெரியாது. பயன்பாட்டில் சரிபாதி பங்கு இருந்தாலும் கோளாறில் சரிபாதி இல்லை. ஆகவே ஒவ்வொரு ஏற்பாட்டையும் பார்த்து நான் கேட்கும் முதல் கேள்வி இது: பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில் பேச்சு போய்விட்டால், பார்வையற்றவர் தானாகவே அதைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? மற்றதெல்லாம் அப்புறம்.

பெரும்பாலும் விண்டோஸையும், என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரையும் வைத்தே பேசுகிறேன். மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்விடிஏ இலவச மென்பொருள். பொதுவாகப் பகிரும் கணினியில் போட்டுவைக்க லைசென்ஸ் பற்றி யாரையும் கேட்க வேண்டியதில்லை. வெப்எய்ம் அமைப்பு 2024-இல் வெளியிட்ட ஸ்கிரீன் ரீடர் பயனர் கணக்கெடுப்பில், ஜாஸ் என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடரை முதன்மையாகப் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் 40.5 சதவீதம், என்விடிஏ என்றவர்கள் 37.7 சதவீதம். ஜாஸ்காரர்களுக்கு விசைகள் மாறும். கீழே சொல்லும் சிக்கல்கள் அதிகம் மாறாது.

ஒரே கணக்கில் இருவர்

விண்டோஸில் ஒரே பயனர் கணக்கு. இருவரும் அதிலேயே வேலை செய்கிறார்கள். என்விடிஏவை நிறுவும்போது டெஸ்க்டாப் ஷார்ட்கட்டும் வைத்துவிட்டால், கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் பேச ஆரம்பிக்கும். இன்சர்ட்டும் க்யூவும் அழுத்தினால் வெளியேறும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோல்-ஆல்ட்-என் அழுத்தினால் பழையதை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். இது பெரிய ஆறுதல். யார் எதை மாற்றி வைத்திருந்தாலும், சேமித்த செட்டிங்ஸோடு திரும்பி வந்து நிற்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெளியேறும்போதெல்லாம் அப்போதைய செட்டிங்ஸைத் தானாகச் சேமிக்கும்படிதான் என்விடிஏ அமைந்திருக்கிறது. பார்வையுள்ளவர் ஏதோ மெனுவுக்குள் போய், குரல் வேகத்தைக் குறைத்து, தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தையும் சொல்வதை நிறுத்திவிட்டு மூடினால், அதுவே சேமிக்கப்பட்ட நிலை. பிறகு எத்தனை தடவை புதிதாகத் தொடங்கினாலும் அவர் விட்டுச்சென்றதுதான் வரும். என்விடிஏவின் பொது (ஜெனரல்) அமைப்புகளில் இந்தத் தானியங்கிச் சேமிப்பை எடுத்துவிடுங்கள். வேண்டிய மாற்றத்தை இன்சர்ட், கண்ட்ரோல், சி அழுத்திச் சேமித்துக்கொள்ளலாம். ஒரே கணக்கில் இருவர் இருப்பதென்றால் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

ஆனால் இந்த ஏற்பாட்டின் உண்மையான தலைவலி ஆன் செய்வதிலோ ஆஃப் செய்வதிலோ இல்லை, அரைகுறையாக ஆஃப் செய்வதில் இருக்கிறது. இன்சர்ட்டும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் பேச்சு நிற்கும் என்று பார்வையுள்ளவர் கற்றுக்கொள்கிறார். அப்பாடா, சத்தம் போயிற்று. ஆனால் ஸ்கிரீன் ரீடர் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. விசைகளையும் அதுதான் முதலில் வாங்கிக்கொள்கிறது. இணையப் பக்கத்தில் எச் அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், கே அழுத்தினால் அடுத்த இணைப்புக்கு. இன்சர்ட்டுக்குப் பதிலாகக் கேப்ஸ் லாக்கை என்விடிஏ கட்டளைகளுக்கான விசையாக வைத்திருந்தால், ஒரு தடவை அழுத்தினால் பெரிய எழுத்து வராது. வேகமாக இரண்டு தடவை அழுத்த வேண்டும். விஷயம் தெரியாதவர் கீபோர்டு கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார். எனவே பார்வையுள்ளவர்களுக்கு ஒரு வரி போதும்: பேச்சை நிறுத்தாதீர்கள், நிரலை மூடுங்கள்.

எதிர்ப்பக்கம் நடக்கும் அரைகுறை இதைவிட மோசம். பார்வையுள்ளவர் வீடியோ சத்தம் யாருக்கும் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று கணினியின் ஒலியையே மியூட்டில் போட்டுவிட்டுப் போகிறார். அல்லது ஒலி அவருடைய புளூடூத் ஹெட்ஃபோனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து வரும் பார்வையற்றவர் கண்ட்ரோல்-ஆல்ட்-என் அழுத்துகிறார். என்விடிஏ ஒழுங்காகத் தொடங்கி, யார் காதிலும் விழாமல் பேசிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன கேள்விக்கு இந்த ஏற்பாடு தோற்கும் இடம் இதுதான். கீபோர்டில் ஒலி கூட்டும் விசை இருந்தால் அதை நாலைந்து தடவை தட்டிப் பார்க்கலாம். கம்பியுள்ள ஹெட்ஃபோன் ஒன்றை அங்கேயே வைத்திருப்பதும் நல்லது. அதைச் செருகியதும் பெரும்பாலான கணினிகளில் ஒலி அந்தப் பக்கம் திரும்பிவிடும். பார்வையுள்ளவர் வீடியோவின் மியூட்டை மட்டும் தொட்டால் இந்தப் பிரச்சினையே வராது. அவர் கற்றுக்கொள்ள வேண்டிய நாகரிகம் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன்.

பார்வையற்றவர் விட்டுச்செல்லும் தடயங்களும் உண்டு. உள்ளங்கை பட்டுக் கர்சர் எங்கோ போகிறதென்று டச்பேடை அணைத்திருப்பார். அடுத்தவர் வந்து விரலைத் தேய் தேய் என்று தேய்ப்பார். திரை வெளிச்சம் அடிமட்டத்தில் இருக்கும். சில சமயம் திரையே முழுக் கறுப்பாக இருக்கும், கணினி மட்டும் உயிரோடு இருக்கும். அது ஸ்கிரீன் கர்ட்டன். எட்டிப்பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் படக்கூடாது என்று இன்சர்ட், கண்ட்ரோல், எஸ்கேப் அழுத்திப் போட்டுக்கொள்ளும் திரைச்சீலை. ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் என்விடிஏவை மூடிப் பாருங்கள். திரை திரும்பிவிடும்.

அந்தரங்கம் என்பது இந்த ஏற்பாட்டில் இருவருக்குமே கிடையாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, தேடிய வரலாறு, திறந்தபடியே இருக்கும் மின்னஞ்சல் எல்லாம் பொது. இருவரில் ஒருவர் எப்போதாவதுதான் உட்காருவார் என்றால் சரி, ஒரே கணக்கு போதும். தினமும் இருவரும் என்றால் வேண்டாம்.

இரண்டு கணக்குகள்

இதற்கு ஆகும் வேலை அரைமணி நேரம்தான். பலர் ஏன் இதைச் செய்வதில்லை என்று எனக்குப் புரிவதேயில்லை. என்விடிஏவைக் கணினியில் ஒருமுறை நிறுவினால் எல்லாக் கணக்குகளுக்கும் அது கிடைக்கும். ஆனால் குரல், வேகம், ஆட்-ஆன் எனும் கூடுதல் இணைப்புகள், விசை அமைப்பு எல்லாம் அந்தந்தக் கணக்குக்குத் தனியாகச் சேமிக்கப்படும். பார்வையற்றவரின் கணக்கில் 'உள்நுழைந்ததும் என்விடிஏ தொடங்கட்டும்' என்பதை ஆன் செய்துவிடுங்கள். மற்றவர் கணக்கில் ஆஃப். ஒருவர் சாதாரணப் பேச்சைப்போல இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் கேட்கலாம். மற்றவருக்கு அந்தக் குரல் இருப்பதே தெரியாது. எழுத்தளவு, மவுஸ் வேகம், உள்ளீட்டு மொழி, பிரவுசர் புக்மார்க் எல்லாம் பிரிந்துவிடும். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையும் எல்லும் அழுத்திப் பூட்டிவிட்டுப் போனால் போதும். இருவருக்கும் பொதுவான கோப்புகளை விண்டோஸின் பப்ளிக் ஃபோல்டரில் போட்டுக்கொள்ளலாம்.

சிக்கல் வரக்கூடிய இடம் உள்நுழைவுத் திரை. அங்கே யாருடைய கணக்கும் இன்னும் திறக்கவில்லை. ஆகவே யாருடைய செட்டிங்ஸும் செல்லாது. இதற்கென்று என்விடிஏவில் தனி விருப்பம் இருக்கிறது: உள்நுழைவின்போதும் இயங்கட்டும் என்பது டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கூடவே, இப்போது சேமித்திருக்கும் செட்டிங்ஸை அந்தத் திரைக்கும் நகலெடுக்கும் பொத்தானையும் ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பழக்கமில்லாத குரல், பழக்கமில்லாத வேகம். பாஸ்வேர்டு கட்டத்தில் அது எழுத்துகளைப் படித்துக் காட்டிவிடாது, நட்சத்திரம் என்றுதான் சொல்லும். அந்தப் பயம் வேண்டாம். இந்த விருப்பம் எல்லாக் கணக்குக்கும் பொது என்பதால் பார்வையுள்ளவரும் கணினியைத் திறக்கும்போது சில விநாடி அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டு கணக்கு ஏற்பாட்டுக்காக அவர் தினமும் பொறுத்துக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான்.

அப்புறம், யார் அட்மின்? இதைப் பேசாமலே விட்டுவிடுகிறார்கள். கணினியை அமைத்துக்கொடுத்தவர் பார்வையுள்ளவர் என்றால் அட்மின் அவராகவே இருப்பார். பார்வையற்றவர் ஏதாவது நிறுவப் போனால் அனுமதி கேட்கும் பெட்டி வரும். முறையாக நிறுவிய என்விடிஏ அந்தப் பெட்டியையும் படித்துவிடும். ஆனால் அங்கே கேட்கும் பாஸ்வேர்டு அவரிடம் இருக்காது. ஸ்கிரீன் ரீடரை அப்டேட் செய்வதற்கே இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்றால் அது பகிர்தல் இல்லை, இரவல். இருவரையும் அட்மின் ஆக்குங்கள். ஒருவரைத்தான் ஆக்க முடியும் என்றால், என் ஓட்டு பார்வையற்றவருக்கு. அலுவலகக் கணினியில் அந்த அதிகாரம் இருவரிடமும் இருக்காது. அங்கே கணினிப் பிரிவிடம் முதலிலேயே இரண்டைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்: முறையாக நிறுவிய பிரதி, உள்நுழைவுத் திரையில் பேச்சு.

பழைய, நினைவகம் குறைந்த கணினியில் ஓர் எச்சரிக்கை. பூட்டிவிட்டு மட்டும் போனால் முதலாமவர் திறந்து வைத்த நிரல்கள் எல்லாம் பின்னால் இருந்துகொண்டே இருக்கும். கண்ணால் பார்ப்பவருக்கு அரை விநாடித் தாமதம் பெரிதாகத் தெரியாது. ஒவ்வொரு விசைக்கும் பதில் கேட்டு அடுத்த விசையை அழுத்துகிறவருக்கு அந்த அரை விநாடி ஒவ்வொரு அடியிலும் வந்து மறிக்கும். அப்படிப்பட்ட கணினியில் பூட்டினால் போதாது, சைன் அவுட் செய்துவிட்டே எழுந்திருக்க வேண்டும்.

பென்டிரைவில் கொண்டுபோவது

என்விடிஏவின் போர்ட்டபிள் பிரதியை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டால் உங்கள் குரல், வேகம், ஆட்-ஆன் எல்லாம் உங்களோடேயே வரும். போகும் கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், யாருடைய அமைப்பையும் தொட வேண்டாம். ஒரு நாள் இரவல் கணினிக்கு இதைவிட நாகரிகமான வழி கிடையாது. ஜாஸை லைசென்ஸ் இல்லாத கணினியில் நிறுவினால் 40 நிமிடம் ஓடும், பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்த நிர்ப்பந்தமும் இதில் இல்லை.

ஆனால் தினசரிப் பகிர்வுக்கு இது ஆகாது. போர்ட்டபிள் பிரதி உள்நுழைவுத் திரையில் பேசாது. அனுமதிப் பெட்டி வந்தால் மௌனமாகிவிடும். அட்மின் அதிகாரத்தோடு ஓடும் நிரல்களையும் அணுக முடியாது. கணினி ஆன் ஆனதும் தானாகத் தொடங்கவும் தொடங்காது. வெளியிலிருந்து வரும் பென்டிரைவைத் தடுத்து வைத்திருக்கும் அலுவலகங்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பென்டிரைவில் இருப்பதை ஆரம்பிப்பதற்கே ஒரு குரல் வேண்டுமே? அதற்குத்தான் நேரேட்டர். விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் அழுத்தினால் விண்டோஸோடு வரும் இந்த ஸ்கிரீன் ரீடர் பேசும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். அதன் குரலைப் பிடித்துக்கொண்டு பென்டிரைவைத் திறந்து என்விடிஏவைத் தொடங்கலாம். நேரேட்டரையே பொது ஸ்கிரீன் ரீடராக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அவ்வப்போது ஒரு மின்னஞ்சல், ஒரு படிவம் என்றால் தாராளமாக. நாள் முழுக்க வேலை என்றால், ஜாஸ் அல்லது என்விடிஏவில் பழகிய கைக்கு அது குறையாகவே படும். எனக்கு அது காப்புக் கயிறு. எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த மூன்று விசைகள் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பத்தில் பாதி இல்லை. கமாண்டும் எஃப்5-உம் அழுத்தினால் மேக்கோடு வரும் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவர் வரும், போகும். கணக்குக்கு ஒரு செட்டிங் என்பது அங்கேயும் உண்டு.

சேர்ந்து உட்காரும்போது

இதுவரை சொன்னதெல்லாம் ஒருவர் எழுந்தபின் இன்னொருவர் உட்காரும் கதை. ஒரே நேரத்தில் இருவரும், ஒருவர் கீபோர்டிலும் ஒருவர் மவுஸிலும் என்றால் கணக்கைப் பிரிப்பது உதவாது. அங்கே பார்வையற்றவரின் கணக்கில், ஸ்கிரீன் ரீடர் ஓடிக்கொண்டிருக்கையில்தான் வேலை நடக்க வேண்டும். "கொஞ்ச நேரம் அதை ஆஃப் செய், நான் சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்ற உடனே ஒருவர் வேடிக்கை கேட்பவராகக்கூட இல்லாமல் போகிறார்.

பார்வையுள்ளவருக்கு இதில் இரண்டு இடைஞ்சல். ஒன்று, பேச்சு வேகமாக இருப்பதால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. என்விடிஏ மெனுவில் கருவிகளுக்குள் ஸ்பீச் வியூவர் என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. பேசுவது எல்லாம் அதில் எழுத்தாக ஓடும். இன்னொன்று, பார்வையற்றவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது திரையில் தெரியாது. என்விடிஏவின் விஷன் அமைப்புகளில் ஹைலைட்டை ஆன் செய்தால் ஃபோகஸ் இருக்கும் இடத்தை, அதாவது அழுத்தும் விசை போய்ச் சேரும் இடத்தைச் சுற்றி நீலக் கட்டமும், இணையப் பக்கத்தில் படித்துக்கொண்டிருக்கும் இடத்தில் மஞ்சள் கட்டமும் வரும். இந்த இரண்டையும் ஆன் செய்து வைத்தால் "எங்கே இருக்கிறாய்?" என்ற கேள்வியே பாதி குறைந்துவிடும்.

மவுஸ் நகரும்போதெல்லாம் அதன் கீழிருப்பதைப் படிப்பது என்விடிஏவின் வழக்கம். தனியாக இருக்கும்போது பரவாயில்லை. இருவராக இருக்கும்போது ஒருவர் பத்தியைக் கேட்டுக்கொண்டிருக்க, மற்றவர் மவுஸை அசைக்க, பேச்சு சிதறும். இன்சர்ட்டும் எம்மும் அழுத்தி அதை அணைத்துவிடலாம். இதற்கென்றே ஒரு தனி கான்ஃபிகரேஷன் ப்ரொஃபைல் வைத்துக்கொள்வது நல்லது: மவுஸ் படிப்பு இல்லை, வேகம் மட்டு. மற்றவர் எழுந்து போனதும் வழக்கமான ப்ரொஃபைலுக்குத் திரும்பலாம்.

கருவியைவிடப் பேசும் முறைதான் இங்கே அதிகம் மாற வேண்டும். "மேலே வலது பக்கம் நீலமாக இருக்கே, அதை அமுக்கு" என்றால், என்விடிஏ சாதாரணமாக நீலத்தையும் சொல்லாது, வலதையும் சொல்லாது. பொத்தானில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். பெயரைத் தேடிப் போய்விடலாம். எழுத்தே இல்லாத வெறும் படப் பொத்தானாக இருந்தால் அப்போது மவுஸை எடுங்கள், ஆனால் சொல்லிவிட்டு எடுங்கள். ஒரே ஒரு கிளிக் போதும், ஃபோகஸ் வேறு இடத்துக்குப் போய்விடும். படித்துக்கொண்டிருந்தவர் அந்த இடத்தை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

இருவரும் வேறு வேறு இடத்தில் இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. முன்பு ஆட்-ஆனாக இருந்த ரிமோட் அக்சஸ் 2025.1 பதிப்பிலிருந்து என்விடிஏவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் அது கடத்துவது பேச்சையும் விசைகளையும்தான், படத்தை அல்ல. எனவே பார்வையற்றவருக்குப் பார்வையற்றவர் உதவ அது அருமை. பார்வையுள்ளவர் உதவ வேண்டும் என்றால் திரையைக் காட்டும் குவிக் அசிஸ்ட் போன்றதுதான் சரி.

தனித்தனிக் கணினி வாங்கிவிடலாமே என்றால், முடிந்தால் வாங்குங்கள், அதற்கு ஒப்பீடு எதற்கு? மற்றவர்களுக்கு என் தேர்வு: தினமும் மாறி மாறி என்றால் இரண்டு கணக்கு. எப்போதாவது வரும் விருந்தாளிக்கு, தானியங்கிச் சேமிப்பை அணைத்த ஒரே கணக்கு. வெளியே போகும் இடத்துக்குப் பென்டிரைவ். சேர்ந்து வேலை என்றால் பார்வையற்றவரின் கணக்கில் ஹைலைட்டும் ஸ்பீச் வியூவரும். முடிவெடுத்த அன்றே ஒரு சோதனை செய்துவிடுங்கள். பார்வையுள்ளவர் ஒலியை மியூட்டில் போட்டு, நாலு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியே போகட்டும். பார்வையற்றவர் கணினியை அணைத்து, மறுபடி ஆன் செய்து, தன் கோப்பு வரைக்கும் வந்து சேர வேண்டும். அப்புறம் திரைச்சீலையைப் போட்டு, டச்பேடை அணைத்துவிட்டு மற்றவரை உள்ளே அனுப்புங்கள்.

எந்த ஏற்பாட்டிலும் பேச்சு வராத இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் எழுவதற்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் நேரேட்டரும் இல்லை, என்விடிஏவும் இல்லை. அங்கே சிக்கிக்கொண்டால் போன் கேமராவைத் திரைக்கு முன்னால் பிடித்து, பார்வையுள்ள தன்னார்வலர்கள் பார்த்துச் சொல்லும் பி மை ஐஸ் மாதிரியான செயலியில் கேட்டுப் பார்க்கலாம். கணினியைப் பகிரும் அந்த இன்னொருவர் கூப்பிடு தூரத்தில் இருந்தால், அவரைக் கூப்பிடுவது அதைவிட வேகம்.